என் முகத்துக்கு டேட்டம் எது?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



இந்த ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு நம் சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, "கவிதை மட்டும் முப்பத்தேழு வந்திருக்குப்பா. அதுல முப்பது நிலாவைப் பத்தி. தயவு செஞ்சு யாராவது ஒரு கட்டுரை குடுங்க" என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். "என் மூஞ்சியைப் பத்தி எழுதலாமா?" என்றேன். வகுப்பில் சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. இரண்டரை வருடமாக என்னோடு படிப்பவர்களுக்குத் தெரியும், அது நான் வாய் திறக்காத சப்ஜெக்ட்.

இப்போது திறக்கிறேன்.

நான் பிறக்கும்போதே மேலுதட்டின் இடது பக்கம் பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் பிளவு. உலக அளவில் ஏறக்குறைய 700 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். நான்காம் மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள். ஒன்றரை வயதில் அண்ணத்தைத் தைத்தார்கள். பத்து வயது வாக்கில் பல் வரிசைக்கு மேலே உள்ள எலும்புப் பள்ளத்தை அடைக்க இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் பார்த்து லேத் பட்டறையில் அப்பாவுக்குக் கையில் அடிபட்டது. ஆறு மாதம் வேலை இல்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றார்கள். அடுத்த வருஷங்கள் பல வந்து போயின.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'ஒட்டு'. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் என்னைத் தேடினால் கிடைக்க மாட்டேன். எங்கள் வகுப்பிலேயே உயரமான பையனுக்குப் பின்னால் ஒரு கொத்து முடி தெரியும். அதுதான் அடியேன். மீசை அரும்பியதும் எனக்கு வந்த சந்தோஷம் உங்களில் யாருக்கும் வந்திருக்காது. நீங்கள் மீசையை அழகுக்கு வளர்த்தீர்கள். நான் திரையாக வளர்த்தேன்.

என்னைவிட அதிகம் பட்டது அம்மா. என்னை வயிற்றில் சுமந்த ஏழாவது மாதத்தில் கிரகணம் வந்ததாம். வெளியே வராதே என்று சொல்லியும் அம்மா அடுப்படியில் அரிவாள்மணையில் காய் நறுக்கினாளாம். "அந்த வெட்டுத்தான் பிள்ளை ஒதட்டுல விழுந்திருக்கு" என்று ஆச்சி சொல்லிக்கொண்டே இருப்பாள். கெட்ட எண்ணத்தில் சொல்கிறவள் இல்லை ஆச்சி. ஆனால் கல்யாண வீடோ கோயில் கொடையோ, சொந்தக்காரர் நாலு பேர் கூடுகிற இடத்தில் அந்தப் பேச்சு வராமல் இருக்காது. அம்மா பதில் சொல்ல மாட்டாள். தண்ணீர் எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விடுவாள்.

மீசையை எடு!

இரண்டாம் ஆண்டில் செமஸ்டர் லீவு விட்டதும் அப்பா, "இப்பக் கொஞ்சம் பணம் இருக்குடா, ஒரு தடவ பாத்திட்டு வந்திருவோம்" என்றார். அவருக்குப் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. நானும் அம்மாவும் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கி, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

எக்ஸ்ரே எடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். சீட்டில் வேறு ஏதோ எழுதி மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்கள். ஒரு சின்ன அறை. நடுவில் ஸ்டூல். எதிரே இடதும் வலதுமாக இரண்டு ஸ்டாண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று கேமரா, கூடவே ஃபிளாஷ். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு அக்கா.

என்னைப் பார்த்ததும் அந்த அக்கா சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, மீசையை எடுத்திட்டு வரணுமே."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "ஏன்க்கா?"

"தோலோட வடிவத்தைத்தான் இது அளக்கும். முடி இருந்தா வெளிச்சம் அங்கங்க சிதறி, அந்த இடம் மட்டும் கரடு முரடா வரும். உனக்கு முக்கியமா அளக்க வேண்டிய இடமே அதுதானே?"

இரண்டு வருடம் பாதுகாத்த திரையை ஆஸ்பத்திரி எதிரே இருந்த சலூனில் ஐந்தே நிமிடத்தில் இழந்தேன். திரும்பி வரும்போது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே மாடி ஏறினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். முடியை ஒரு துணி பட்டையால் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். "வாயை லேசா மூடு. பல்லைக் கடிக்காத. நேரா பாரு." பளிச் என்று ஒரு வெளிச்சம். "முடிஞ்சிருச்சு" என்றார் அக்கா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கேட்டதற்கு, படம் பதிய ஆகும் நேரம் சுமார் 1.5 மில்லி வினாடி என்றார். நாம் ஒருமுறை கண் சிமிட்டுவதற்கு ஆகும் நேரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு! முன்பு இருந்த லேசர் ஸ்கேனர்களில் ஒளிக்கோடு முகத்தின் மேல் நகர்ந்து போகச் சில வினாடிகள் ஆகும். அதற்குள் மூச்சு விட்டாலே அளவு மாறும். கைக்குழந்தையை அசையாமல் உட்கார வைப்பது நடக்கிற காரியமா? அதனால்தான் பிளவு உதட்டுக் குழந்தைகளுக்கு இந்தக் கேமரா முறை வசதியாக இருக்கிறது. எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் போலக் கதிர்வீச்சும் கிடையாது. வெறும் வெளிச்சம். எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

மெட்ராலஜி லேப் கைகொடுத்தது

"இது எப்படிக்கா வேலை செய்யுது?" என்று கேட்டேன். பயம் போகட்டும் என்றுதான் கேட்டேன். ஆனால் அந்த அக்கா, "நீ என்ன படிக்கிற?" என்று கேட்டு, டிப்ளமோ மெக்கானிக்கல் என்றதும் முகம் மலர்ந்து, "நானும் டிப்ளமோதான் தம்பி, எலெக்ட்ரானிக்ஸ்" என்று நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அடுத்த அரை மணி நேரம் எனக்குக் கிடைத்த பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

உங்கள் விரலை மூக்குக்கு நேராக நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு அடுத்த கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோலத் தெரியும். விரல் பக்கத்தில் இருந்தால் அதிகம் மாறும், தள்ளி இருந்தால் குறைவாக மாறும். இரண்டு கண்ணும் தருகிற இரண்டு வேறு படங்களிலிருந்துதான் மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது என்பதை இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் ஸ்டீரியோஸ்கோப் கருவியால் விளக்கிக் காட்டினார். நம் லேபில் வீட்ஸ்டன் பிரிட்ஜ் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அதே வீட்ஸ்டன்தான்!

இரண்டு கேமராவுக்கும் கணக்கு இதுதான்: கேமராவின் ஃபோகல் நீளத்தைக் கேமராக்களுக்கு இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, புள்ளி இடம் மாறிய அளவால் வகுத்தால், அந்தப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வந்துவிடும். ஒரு உதாரணத்துக்கு ஃபோகல் நீளம் 3000 பிக்சல், கேமரா இடைவெளி 150 மி.மீ., இடமாற்றம் 750 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். தூரம் 600 மி.மீ. இடமாற்றம் 749 என்றால் 600.8 மி.மீ. ஆக, ஒரே ஒரு பிக்சல் பிசகினால் 0.8 மி.மீ. போச்சு. அதனால் பிக்சலின் சிறு பின்னம் வரை கணக்குப் பார்த்துப் புள்ளிகளைப் பொருத்துகிறது மென்பொருள். மூக்கு நுனி போன்ற இடத்தைப் பொருத்துவது சுலபம். வழவழவென்ற கன்னத்தில் எந்தப் புள்ளி எந்தப் புள்ளிக்கு ஜோடி என்று எப்படித் தெரியும்? அதற்காகச் சில கருவிகள் முகத்தின் மேல் ஒழுங்கில்லாத புள்ளிக்கோலம் ஒன்றை ஒளியால் வீசுகின்றன. சில கருவிகள் தோலின் நுண்துளைகளையே அடையாளமாக வைத்துக்கொள்கின்றன.

இந்த வகைக் கருவிகளின் துல்லியம் ஏறக்குறைய 0.2 மி.மீ. அளவில் இருக்கும் என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க லேப் வெர்னியரே 0.02 மி.மீ. காட்டுமேக்கா!"

"சரி, உன் வெர்னியரை உன் கன்னத்துல வச்சுப் பாரு" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். வெர்னியரின் தாடை தொட்டதுமே சதை அமுங்கிவிடும். எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவுக்கு ரீடிங் மாறும். இரும்புக்கு இருக்கிற பிடிவாதம் கன்னத்துக்கு இல்லையே! தொடாமல் அளப்பதன் அருமை எனக்கு அங்கேதான் புரிந்தது. நாம் 'நான் காண்டாக்ட் மெஷர்மென்ட்' என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோமே, அதற்கு உயிருள்ள உதாரணம் நானே!

அதோடு இன்னொன்றும் நடந்தது. படத்தைத் திறந்து பார்த்த அக்கா நெற்றியைச் சுருக்கினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொம்மைத் தலையை எடுத்து ஸ்டூலில் வைத்துப் படம் எடுத்தார். அதன் அளவுகள் அவருக்கு மனப்பாடம். கண்ணுக்குக் கண் தூரம் ஒரு மி.மீ.க்கு மேல் கூடுதலாகக் காட்டியது. காலையில் தரை துடைத்தவர்கள் ஸ்டாண்டை இடித்திருக்கிறார்கள்! புள்ளிகள் அச்சிட்ட ஒரு பலகையை முன்னால் பிடித்துக் காலிபரேஷன் முழுவதையும் மறுபடி செய்தார். என்னையும் மறுபடி எடுத்தார். "பொம்மையைப் பாக்காம விட்டிருந்தா டாக்டர் தப்பான நம்பரை வச்சுக் கத்தி எடுத்திருப்பாரு" என்றார். நம் ஆசிரியர் வெர்னியரைக் கையில் தரும்போதெல்லாம் "ஜீரோ எரர் பாத்தியா?" என்று கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பச்சை, மஞ்சள், சிவப்பு

திரையில் என் முகம் வந்தது. மௌஸை நகர்த்தினால் திரும்புகிறது. இடது பக்கம், வலது பக்கம், கீழேயிருந்து மேலாக! என் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் நேராகத்தான் தெரியும், அதுவும் இடவலம் மாறி. செல்ஃபி அதைவிட மோசம். முகத்துக்கு 12 அங்குலத்தில் செல்போனைப் பிடித்தால் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். ராத்திரி ராத்திரியாக செல்போனில் என் மூக்கைப் பார்த்துப் பார்த்து நான் நொந்ததில் ஒரு பங்கு லென்ஸின் குற்றம்!

அக்கா என் முகத்தைக் கண்ணாடி பிம்பம்போல் இடவலமாகத் திருப்பி, அதை அசல் முகத்தின் மேலேயே பொருத்தினார். இரண்டும் எங்கே ஒத்துப்போகிறதோ அங்கே பச்சை. விலக விலக மஞ்சள், பிறகு சிவப்பு அல்லது நீலம். இப்படி இரண்டு பரப்புகளைப் படிப்படியாக நகர்த்திப் பொருத்துவதற்குப் பரவலாகப் பயன்படும் ஒரு முறையை 1992-இல் வெளியிட்டவர்கள் பெஸ்ல், மெக்கே என்ற இருவர். அவர்கள் எங்கே வேலை பார்த்தார்கள் தெரியுமா? ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில்! செய்த பாகம் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க உதவும் கணக்கு, இன்று மனித முகத்துக்கும் உதவுகிறது. மெக்கானிக்கல் துறையினர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

பொருத்தும்போது ஒரு நுணுக்கம் சொன்னார் அக்கா. "முகம் முழுசையும் சராசரியாப் பொருத்தினா, தப்பு எல்லா இடத்துக்கும் பங்கு பிரிஞ்சு போயிரும். நல்லா இருக்கிற இடமும் கெட்டதாத் தெரியும், கெட்ட இடமும் பரவாயில்லன்னு தெரியும். அதனால நெத்தியையும் கண்ணுக்கு நடுவுல உள்ள மேட்டையும் மட்டும் பிடிச்சுப் பொருத்தணும். அதுல பிளவும் இல்ல, ஆபரேஷனும் வராது."

"டேட்டம்!" என்று கத்திவிட்டேன். டிராயிங்கில் எந்தப் பரப்பிலிருந்து அளக்கிறோமோ அதுதானே டேட்டம்? அது தப்பாக இருந்தால் எல்லா அளவும் தப்பு. பிளவு உதட்டுக்காரன் ஒருவன் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து டேட்டம் என்று கத்துவதைப் பார்த்து அம்மா பயந்துபோனாள்.

வண்ணப்படம் வந்தது. நான் உதட்டில்தான் சிவப்பு கொட்டிக் கிடக்கும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்தது அதைத்தானே? ஆனால் உதட்டில் மஞ்சள்தான் இருந்தது. இடது பக்க உதடு வலது பக்கத்தைவிட 1.4 மி.மீ. குட்டை. அவ்வளவுதான்! அழுத்தமான நிறம் இருந்த இடம் வேறு. இடது மூக்குச் சிறகின் அடிப்பாகம், வலது பக்கத்தைவிட 4.2 மி.மீ. உள்ளே அமுங்கியிருந்தது.

பதினேழு வருடம் நான் மறைத்தது தப்பான இடத்தை!

நண்பர்களே, அந்த நிமிடத்தில் எனக்குத் துக்கம் வரவில்லை. ஒரு நிம்மதி வந்தது. அதுவரை என் முகத்தில் இருந்தது ஒரு 'அது'. அதற்கு அளவே கிடையாது. பஸ்ஸில் ஒருத்தி திரும்பிப் பார்த்தால் ஊர் அளவு பெரிதாகிவிடும். இப்போது அது 4.2 மி.மீ. ஒரு சாதாரண டிரில் பிட்டின் பருமன். அளக்க முடிந்ததைத் திருத்த முடியும் என்றுதானே நாம் படிக்கிறோம்?

"எல்லாருக்கும் இப்படித்தான் கலர் வருமா?" என்று அம்மா மெல்லக் கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே அம்மாவையே ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அம்மா வெட்கப்பட்டு மறுத்து, கடைசியில் உட்கார்ந்தாள். பளிச். அம்மாவின் வண்ணப்படத்திலும் கன்னத்தில் ஒரு பக்கம் மஞ்சள், தாடையில் கொஞ்சம் சிவப்பு. "ஏ, எம் மூஞ்சியும் கோணலா!" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். முழுப் பச்சையாக ஒரு முகத்தை இந்த வேலையில் தான் பார்த்ததே இல்லை என்றார் அக்கா.

ஏழாவது வாரம், ஏழாவது மாதம்

டாக்டரம்மா வண்ணப்படத்தைப் பார்த்ததும், "உதட்டைத் தொட வேண்டாம். ஒன்றரை மில்லி மீட்டருக்காக வெட்டினா புதுத் தழும்புதான் மிச்சம். பிரச்சினை தோல்ல இல்ல, அடியில எலும்பு இல்லாததுதான். அஸ்திவாரம் இல்லாத இடத்துல மூக்கு உள்ள போயிருக்கு" என்றார். இந்தக் கேமரா மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும், எலும்பைப் பார்க்கத் தனியாக சிடி ஸ்கேன் வேண்டும் என்று அதையும் எழுதிக் கொடுத்தார்.

அப்போது அம்மா ஒரு கேள்வி கேட்டாள். பதினேழு வருடம் தொண்டையில் இருந்த கேள்வி. "டாக்டரம்மா, நான் கிரகணத்தன்னைக்குக் காய் நறுக்கினேன். அதனாலயா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எத்தனாவது மாசம்மா அது?" என்று கேட்டார்.

"ஏழாவது மாசம்."

"வயித்துல குழந்தைக்கு உதடு சேர்றது நாலாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரத்துக்குள்ள. அதுக்குள்ள சேரலைன்னாதான் பிளவு. பரம்பரையும் வேற பல காரணங்களும் கலந்து வர்றது. கிரகணம் வந்தது ஏழாவது மாசம். அதுக்கு எவ்வளவோ முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சும்மா. நீங்க அன்னைக்குக் காயை மட்டும்தான் நறுக்கினீங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் இதை ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு அப்படித்தான்யா சொல்லிக் குடுத்தாவ" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை.

யாருடைய சராசரி?

டாக்டரம்மாவிடம் நான் ஒன்று கேட்டேன். "எல்லாருக்கும் சராசரி முகம்னு ஒண்ணு இருக்குமே, அதோட ஒப்பிட்டா என்ன?"

"இருக்கு. ஆனா யாரோட சராசரி?" என்றார்.

ஊர் திரும்பியதும் கல்லூரி நூலகக் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தேன். முகத்தை அளந்து நியமங்கள் வகுத்ததில் முன்னோடி, கனடாவில் பணியாற்றிய மருத்துவர் லெஸ்லி ஃபார்காஸ். அவர் காலிபரும் கையுமாக ஆயிரக்கணக்கான முகங்களை அளந்தவர். கேமரா வழியில் பர்க், பியர்ட் என்ற இருவர் 1967-இலேயே முகத்துக்கு ஸ்டீரியோ படமுறையைக் கையாண்டு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 3 வயது முதல் 40 வயது வரையுள்ள 2,454 பேரின் முகங்களை முப்பரிமாணமாக எடுத்துத் தொகுத்த ஒரு பெரிய தரவுத்தளம் பற்றி 2016-இல் கட்டுரை வந்தது. அதில் இருப்பவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். மிக நல்ல வேலை. ஆனால் அந்தச் சராசரி மூக்கை வைத்து என் மூக்கைத் திருத்தினால் நான் யார் வீட்டுப் பிள்ளையாக இருப்பேன்?

"உனக்கு உங்க அப்பா மூக்கு வேணுமா, அமெரிக்கா மூக்கு வேணுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா. அப்பா மூக்கு போதும் என்றேன். "அப்படின்னா உன் வலது பக்கம்தான் உன் இடது பக்கத்துக்கு அளவு" என்றார்.

ஊர் திரும்புகிற ரயிலில் இந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் என்னை அளந்தவர்கள் எல்லாரும் தங்கள் முகத்தை டேட்டமாக வைத்து அளந்தார்கள். நானும் அதே தப்பைச் செய்தேன். பக்கத்து பெஞ்சுக்காரன் முகம், சினிமா போஸ்டர் முகம் என்று கண்டதையெல்லாம் டேட்டமாக எடுத்துக்கொண்டு என்னை ரிஜக்ட் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் ஒரு மெஷின் வந்து, "உன் முகத்துக்கு டேட்டம் உன் நெற்றிதான்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

4.2-லிருந்து 1.3

இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் ஆபரேஷன் நடந்தது. இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து மேல்தாடைப் பள்ளத்தை நிரப்பி, மூக்கின் அடியை உயர்த்தினார்கள். முகம் வலித்ததைவிட இடுப்புத்தான் அதிகம் வலித்தது. கல்லூரி திறந்தபோது நான் நொண்டியதற்குக் கால்பந்தைக் காரணம் சொன்னேன். மன்னித்துவிடுங்கள்.

ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில் என்று மூன்று முறை மறுபடி படம் எடுத்தார்கள். முதல் வாரப் படத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. ஒரே வீக்கம். வீக்கம் எத்தனை மில்லி லிட்டர் என்றுகூட அந்த மென்பொருள் சொல்லிவிடுகிறது. "இது உன் முகம் இல்ல, வீக்கத்தோட முகம். ஆறு மாசம் பொறு" என்றார் டாக்டரம்மா. பொறுத்தேன். கடைசிப் படத்தில் அந்த 4.2 மி.மீ. 1.3 ஆகியிருந்தது. ஏறக்குறைய பச்சை. தழும்பு அப்படியே இருக்கிறது. மேற்பரப்பின் வடிவத்தில் தழும்பின் நிறம் வராது. நான் சிரிக்கும்போது உதடு இன்னும் ஒரு பக்கம் இழுக்கும். அசையாத படத்தில் அதுவும் வராது. அதற்கு வினாடிக்கு 60 படம் எடுக்கும் கருவிகள் வேறு இருக்கின்றனவாம். முகவாதம் வந்தவர்களின் அசைவை அளக்கவும் அவை உதவுகின்றன.

ஆக, மெஷின் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் என்ன நினைப்பார் என்பதற்கு எந்தக் கருவியிலும் லீஸ்ட் கவுண்ட் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். போட்டோவில் கண்ணின் மேல் கறுப்புப் பட்டை போட்டு ஆளை மறைப்பார்கள். இந்தப் படத்தில் அது செல்லாது. முகத்தின் வடிவமே கைரேகை மாதிரி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். என் படங்களைப் பாடம் நடத்தப் பயன்படுத்தலாமா என்று ஒரு படிவம் நீட்டினார்கள். அம்மா, "யார் யார் பாப்பாங்க? எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னைக் கையெழுத்துப் போட விட்டாள். பத்தாம் வகுப்புப் படித்த அம்மாவுக்குத் தோன்றிய கேள்வி, டிப்ளமோ படிக்கும் எனக்குத் தோன்றவில்லை.

நமக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது நண்பர்களே! அந்த அறையை நடத்துவது ஒரு டிப்ளமோக்காரர். காலிபரேஷன் பலகை, ஸ்டாண்டு, ஃபிளாஷ், மென்பொருள் என்று எல்லாவற்றிலும் நம் எல்லாத் துறைகளுக்கும் வேலை இருக்கிறது. இந்தக் கருவிகள் வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வருகின்றன. ஆனால் 2017-இல் வந்த ஐஃபோன் எக்ஸ் செல்போனே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின் மேல் வீசித்தான் ஆளை அடையாளம் கண்டது. செல்போனின் துல்லியம் ஆபரேஷன் முடிவு செய்கிற அளவுக்கு வராதுதான். என்றாலும் வழி திறந்திருக்கிறது. நம் ஊர்க் குழந்தைகளின் முகங்களுக்கு நம் ஊர் நியமங்கள் வேண்டும். அதை அளக்கப் போகிறவர் நம்மில் ஒருவராக ஏன் இருக்கக்கூடாது? எங்கள் குழுவின் புராஜெக்டுக்கு இரண்டு வெப் கேமராவை அலுமினியச் சட்டத்தில் பொருத்தி ஒரு சிறு முயற்சி செய்துகொண்டிருக்கிறோம். இப்போதைக்கு அது ஒரு தேங்காயைக் கொஞ்சம் கோணலான தேங்காயாகக் காட்டுகிறது. ஜீரோ எரர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்த மலரில் எங்கள் துறையின் குரூப் போட்டோவைப் பாருங்கள். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவர்களில் இடமிருந்து மூன்றாவது ஆள். மீசை இல்லை. கைக்குட்டை இல்லை. யார் தலைக்குப் பின்னாலும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து முன்னால் வந்து உட்கார்ந்தவன், போட்டோகிராஃபர் "ரெடி" என்று சொன்னதும் கண்ணை மூடிவிட்டேன். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.